பிடியரிசி போகும் வீடு

பூண்டுலோயா மருமகளுக்கு,

ஓய்வெடுக்கச் சொல்லி தோட்டத்துத் துரையே கெஞ்சி வேலைப் பதிவிலிருந்து என் பேரை வெட்டியதிலிருந்து, நம் லயத்துப் பிடியரிசிச் சங்கத்துக்கு நான்தான் காவல். உலை வைக்கும்போது இல்லாதவர்களுக்கென்று வீட்டுக்கு வீடு ஒரு பிடி எடுத்துவைப்பார்கள், சங்கத்து வேலாயி வாங்கிப்போவாள். யாருக்குப் போகிறதென்று எவரும் கேட்கக் கூடாதாம். சந்தேகம் வராதா?

நேற்று, சிறுத்தையே என்னிடம் பாடம் கேட்கும், அப்படிப் பதுங்கிப் பின்தொடர்ந்தேன். அவள் நம் வீட்டுக்குள் நுழைந்து உன் அத்தையின் பானையில் கொட்டினாள்.

"யார் வீட்டு அரிசிய எங்க கொட்டுற?" என்று மறித்தேன்.

"கத்தாதீங்கண்ணே. இத்தனை நாளா நீங்க திங்கிற சோறுதான்."

உன் அத்தையோ, "நான் யாருகிட்டயும் கேக்கல" என்கிறாள். அப்படியானால் நம் நிலைமையை வேலாயியிடம் சொன்னது யார்? நீதானே எழுதினாய்? இனி வேலாயிக்கு எதுவும் எழுதாதே. அரிசியை நிறுத்தச் சொல்லியும் எழுதாதே.

உன் மாமன்