ஒரு பக்கச் சடை

இன்று காலை பால் வாங்கப் போனபோது தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் ஒரு காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்த கஞ்சித் துணியில் சூடு பட்டதும் ஒரு வாசனை கிளம்புமே, வடித்த கஞ்சியும் கரியும் கலந்தது, அது மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன. "என்னம்மா, துணி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பி, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சேலம் போலீஸ் லைனில் உன் வீடும் என் வீடும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரே சுவர். எழுபதுகளின் நடுவில், போலீஸ் வேலைக்குப் பெண்களை எடுக்கத் தொடங்கிய புதிதில், நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நீ பரமத்தி வேலூர்க்காரி. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் வளர்ந்தவள், வாய்க்காலிலும் ஆற்றிலும் நீந்தியவள். நான் ஆத்தூர்ப் பக்கம். எங்கள் ஊரில் கிணறுகள் இருந்தன. பெண் பிள்ளைகளை அதில் இறங்க விடமாட்டார்கள். "தண்ணியில எறங்காத போலீசு என்ன போலீசு?" என்று நீ என்னைக் கேலி செய்வாய். நான் 'வீடு' என்பேன், நீ 'ஊடு' என்பாய். அதற்கும் சிரிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் இருவர் காக்கிச் சேலைக்கும் ஒன்றாகவே கஞ்சி போடுவாய். காய்ந்த சேலையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை நானும் மறு முனையை நீயும் பிடித்து இழுப்போம். விறைத்துப்போன அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பயிற்சி மைதானத்தில் ஓடியது நினைவிருக்கிறதா? "இதக் கட்டிக்கிட்டு எப்பிடிங்கய்யா ஓடறது?" என்று நீ ஒரு நாள் ஏட்டையாவிடம் நேராகவே கேட்டுவிட்டாய். அவர் விசிலை ஊதி அடுத்த சுற்றுக்கு அனுப்பினார். ஆனால் நம் எல்லோரையும்விட வேகமாக ஓடியவள் நீதான்.

உன் வீட்டுக்காரர் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் பதினைந்து நாள், இருபது நாள் ஆகும். கல்யாணமாகி அடுத்த வருடம் கோமதி பிறந்தாள். பிரசவ விடுப்பு முடிந்து நீ டூட்டிக்கு வந்த நாட்களில் காலை நான், மாலை நீ என்று முறை வைத்து அவளைப் பார்த்துக்கொண்டோம். அவள் பேசப் பழகியபோது என்னைச் 'சின்னம்மா' என்றாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்துவிட்டதற்கு எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொன்னார்கள். அந்தக் குரல் என்னை அழைத்ததும் ஒரு காரணம் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை.

உன்னைப் பற்றி யாராவது கேட்டால், அந்தப் பஸ் பயணத்தைத்தான் முதலில் சொல்வேன். விசாரணைக் கைதியான ஒரு பெண்ணைச் சேலத்திலிருந்து நாமக்கல் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனோம். ஏட்டையா, நீ, நான். அந்தப் பெண்ணின் மடியில் மூன்று மாதக் குழந்தை. பஸ் ஏறியதிலிருந்து அது வீறிட்டு அழுதது. தாய்க்குப் பால் வற்றியிருந்தது. மார்பில் போட்டுப் போட்டுப் பார்த்து, அவளும் அழத் தொடங்கினாள். பஸ்ஸில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நீ எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"கொண்டா இங்க."

"வேண்டாமுங்கம்மா. உங்க உடுப்பு அழுக்காயிருமுங்க."

"அழுக்கானா தொவச்சுக்கறேன். எம்பட புள்ளையும் இந்நேரத்துக்குத்தான் பால் கேப்பா. கொண்டா."

காக்கி முந்தானையால் மூடிக்கொண்டு அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தாய். அழுகை நின்றது. ஏட்டையா ராசிபுரம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். ராசிபுரத்தில் இறங்கி, வழக்கமாகத் தனக்கு மட்டும் டீ வாங்கிக் குடிப்பவர், அன்று அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து நான்கு டீ வாங்கி வந்தார். கோர்ட்டுக்குள் போகும் முன் அந்தப் பெண் உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீ கூச்சப்பட்டு, "நட, நட, கூப்புடறாங்க" என்று அதட்டினாய்.

கோமதி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு உன் காலைப்பொழுது முழுதும் அவள் தலைமுடியில்தான் கழிந்தது. ரோல்காலுக்கு நேரமானாலும் சரி, இரட்டைச் சடை பின்னி ரிப்பன் மடித்துக் கட்டாமல் கிளம்பமாட்டாய். வெளியூர் பந்தோபஸ்து வந்தால் அந்த வேலை எனக்கு வரும். "இறுக்கிப் பின்னாத புள்ள, அவளுக்குத் தல நோவும்" என்று நீ ஒவ்வொரு தடவையும் சொல்வாய். ஒரு நாள் அவளுடைய வாத்தியார், "உங்கம்மா போலீசாச்சே, ஊட்ல பயமா இருக்குமா?" என்று கேட்டாராம். "அம்மா சீப்ப எடுத்தாத்தானுங்க பயம்" என்றாளாம் இவள். அதைச் சொல்லிச் சொல்லி நீ சிரித்தது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

அந்த ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையம் ஆற்றங்கரையில் நமக்கு பந்தோபஸ்து. கோமதிக்கு ஏழு வயது. முதல் நாளே அவளைப் பரமத்தி வேலூரில் உன் அண்ணன் வீட்டில் விட்டிருந்தாய். மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்ததால் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. படித்துறையெங்கும் கூட்டம். முளைப்பாரி விடுகிறவர்கள், புதுத் தாலிக்கயிறு மாற்றுகிறவர்கள், குழந்தைகளை முக்கி எடுக்கிறவர்கள். ஆழமான பக்கத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். "ஏனுங்க, கவுத்தத் தாண்டாதீங்க. புள்ளைங்கள கையில புடிச்சுக்கோங்க" என்று காலையிலிருந்து கத்தி உன் தொண்டை கட்டிவிட்டது.

மத்தியானம் உன் அண்ணன் கோமதியையும் கூட்டிக்கொண்டு, தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கோயில் பக்கம் போனார். கரைமேல் புங்கமரத்தடியில் உட்கார்ந்து நாம் மூவரும் சாப்பிட்டோம். பிள்ளையின் தலை கலைந்திருந்ததைப் பார்த்ததும் உனக்குப் பொறுக்கவில்லை. அவளை முன்னால் உட்காரவைத்து, விரலாலேயே கோதிப் பின்னத் தொடங்கினாய். இடப்பக்கச் சடை முடிந்தது. வலப்பக்கத்தை மூன்றாகப் பிரித்தபோது படித்துறையிலிருந்து கூச்சல் எழுந்தது. அக்காளும் தங்கையுமாக இரண்டு சிறுமிகள். கயிற்றுக்கு அப்பால் வழுக்கி விழுந்தவர்களை ஆறு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நீ எழுந்தாய். கையிலிருந்த முடியை அப்படியே என் கையில் வைத்தாய்.

"இந்தப் பக்கத்தப் பின்னியுடு புள்ள, வந்தர்றேன்."

அவ்வளவுதான் சொன்னாய். சரிவில் இறங்கி ஓடினாய். கூட்டம் விலகி வழி விட்டது. ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கால் தரையில் பட்டவரை ஓடி, பிறகு விழுந்து நீந்தினாய். சின்னவளைப் பிடித்து, இடுப்பளவு நீரில் நின்ற ஆட்களிடம் தள்ளினாய். பெரியவள் இன்னும் தள்ளிப் போயிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பரிசல் வந்துகொண்டிருந்தது. அவளை எட்டிப்பிடித்துப் பரிசலின் பக்கம் நீ உந்தித் தூக்கியதை நான் பார்த்தேன். பரிசல்காரர் அவள் கையைப் பிடித்துவிட்டார். உன் கை பரிசலின் விளிம்புக்கு வந்தது. பிறகு அந்தக் கை அங்கே இல்லை.

சேலை காலைச் சுற்றிவிட்டது என்று பரிசல்காரர் பிறகு சொன்னார். துடுப்பை நீட்டினாராம். "ஒரு சாண் தானுங்க, ஒரு சாண்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நான் எதுவும் செய்யவில்லை. கோமதியின் முடியைப் பிடித்தபடி நின்றேன். நீச்சல் தெரியாது என்பது உண்மைதான். ஆனாலும் கீழே ஓடியிருக்கலாம், யாரிடமாவது கயிறு வாங்கி வீசியிருக்கலாம். என் கை அந்த முடியை விடவில்லை. அவள் "சின்னம்மா, வலிக்குது" என்று சொன்ன பிறகுதான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

மறுநாள் காலை, ஆற்றின் கீழ்ப்பக்கம் கோரைப்புல் மண்டிய ஒரு திட்டில் உன்னை எடுத்தார்கள்.

வேலூரில் துப்பாக்கிகளை வானத்துக்கு உயர்த்திச் சுட்டு உனக்கு மரியாதை செய்தார்கள். முதல் வெடிக்கே கோமதி என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெரிய அதிகாரி ஒருவர் 'வீர மரணம்' என்று பேசினார். உன் அம்மா அவர் பேச்சின் நடுவே, "எம்புள்ளைக்கு ஆறு தெரியுமுங்க சாமி, அவளுக்கு நல்லா ஆறு தெரியுமுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

உன் வீட்டுக்காரர் அப்போது நாக்பூர்ப் பக்கம் எங்கோ இருந்தார். லாரி ஆபீஸுக்குத் தந்தி கொடுத்து, அங்கிருந்து தகவல் போய், அவர் வந்து சேர்ந்தபோது உனக்குப் பால் ஊற்றி முடித்துவிட்டோம். லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்துவந்தவர் வாசலில் என்னைப் பார்த்தார். "புள்ள சாப்பிட்டாளாங்க?" என்று கேட்டார். அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் வடக்கே போவதை விட்டுவிட்டார். கரூர், நாமக்கல் என்று பக்கத்து லோடுகளே ஓட்டி, ராத்திரிக்கு மகளிடம் வந்துவிடும்படி பார்த்துக்கொண்டார். கோமதி வேலூரில் மாமா வீட்டில் வளர்ந்தாள். லீவு கிடைக்கும்போதெல்லாம் நான் பஸ் ஏறிப் போனேன். அவள் இரட்டைச் சடை போட்டுக்கொள்ளவே இல்லை. ஒற்றைச் சடைதான். அதையும் தானே பின்னிக்கொண்டாள்.

பால் ஊற்றிய அன்று அவள் என்னைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டாள்.

"சின்னம்மா, அம்மா போறப்ப என்னையத் திரும்பிப் பாத்துச்சுங்களா?"

"பாத்தா சாமி. ஒருக்கா நின்னு பாத்துட்டுத்தான் போனா."

அது பொய். நீ திரும்பவில்லை. எழுந்து, என் கையில் முடியை வைத்து, ஓடினாய். ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு நின்ற ஏழு வயது முகத்திடம் என்னால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் அவள் கேட்டாள். படிக்கும்போது, ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது, கல்யாணத்துக்கு முந்தின நாளும் கேட்டாள். நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பொய்க்கு விவரங்கள் சேர்ந்துகொண்டே போயின. நீ கையை அசைத்ததாகச் சொன்னேன். சிரித்ததாகக்கூட ஒரு தடவை சொன்னேன். உன் மகளிடம் உன்னைப் பற்றிப் பொய் சொல்கிறேனே என்று ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஏதோ அறுந்தது.

போன மாதம் கோமதி என்னைப் பார்க்க வந்தாள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டாள். நீ பார்க்காத வயது. அவள் மகளைக் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு நேராக வந்திருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கேட்டுக்குள்ள போனவ திரும்பியே பாக்கலீங்க சின்னம்மா. நான் பஸ்ஸு வர்ற வரைக்கும் அங்கயே நின்னேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மாவும் திரும்பலீங்க, இல்ல?"

நான் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தேன்.

"எனக்கு அப்பவே தெரியுமுங்க. முடிதான் உங்க கையில இருந்துச்சு. எம்மூஞ்சி ஆத்தப் பாத்துத்தான இருந்துச்சு. நான் எல்லாத்தையும் பாத்தேன்."

"அப்புறம் ஏஞ்சாமி வருசா வருசம் கேட்ட?"

"நீங்க சொல்றதக் கேக்க நல்லா இருந்துச்சுங்க." சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "சின்ன வயசுல அம்மா மேல கோவம். யாரோ பெத்த புள்ளைங்களுக்காக என்னைய உட்டுட்டுப் போயிருச்சுன்னு. இன்னைக்கு அந்தக் கேட்டுக்கிட்ட நின்னப்பத்தான் தோணுச்சு. அவ ஏன் திரும்பல? நான் அங்கதான் நிக்கறேன்னு அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் அப்பிடித்தானுங்க. நீங்க புடிச்சிருக்கீங்கன்னு தெரியும்."

இருவரும் அழுதோம். இத்தனை வருடத்தில் உனக்காக நாங்கள் சேர்ந்து அழுதது அன்றுதான்.

உன் படம் ஸ்டேஷனில் மாலையோடு மாட்டியிருக்கிறது. உன் வீட்டுக்காரர் அதன் இன்னொரு பிரதியைத் தன் படுக்கைக்கு எதிரே கடைசிவரை வைத்திருந்தார். எல்லோருக்கும் உன் முகம் நினைவிருக்கிறது. நான் கண்ணை மூடினால் வருவது உன் முதுகுதான். சரிவில் இறங்கி ஓடும், இன்னும் நனையாத அந்தக் காக்கி முதுகு. அது திரும்பாததை நினைத்து இத்தனை காலம் நான் குமைந்தேன். உன் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கத் தோன்றாத அளவுக்கு நீ என்னை நம்பினாய் என்பதை, அவள் வந்து சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.