வல்லூறு வந்த பிறகு

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

ஆண்டவர் துணையால் சுகம். பொன்னமராவதியில் மழை பெய்ததா? உன் முழங்கால் வலி தேவலையா?

இந்த ஹைதராபாத் பள்ளி விடுதியில் தினமும் குருவிகளுக்குச் சோறு வைக்கிறேன். வல்லூறு ஒன்று சுற்றத் தொடங்கியதிலிருந்து அவை அரை வயிற்றோடு எழுந்துவிடுகின்றன. உடம்பில் கொழுப்பு ஏறினால் சட்டென்று மேலெழும்ப முடியாது. கனத்த புத்தகப் பையோடு ஓட முடியாமல் ஓடும் பிள்ளையை நினைத்துக்கொள்.

இந்த வாத்தியார் வேலையை விட்டு ஊருக்கு வர, காலைச் சாப்பாட்டின்போது, சேரும்போது கொடுத்த அசல் சான்றிதழ்களைக் கேட்டேன். பள்ளி முதலாளி தேனப்பன் அவற்றைப் பூட்டி வைத்திருக்கும் பீரோவைத் திறக்கச் சம்மதிக்கவில்லை. "ரிட்டையரான மனுசன் எங்கிட்டு சார் போகப்போறீங்க? ஏம்ப்பா, சாருக்கு இன்னும் ரெண்டு இட்லி வைய்யி!" என்று சிரித்தார். நானும் அரை வயிற்றோடு எழுந்துவிட்டேன். கவலைப்படாதே.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. வீடியோவில் நான் பருத்துத் தெரிவதாகச் சொல்லி, சட்டையைப் பெரிதாகத் தைக்கக் கொடுக்கப் போகிறாயாமே, வேண்டாம். பழைய அளவே இருக்கட்டும்.

உன்,
மரியசெல்வம்