தண்ணீர் நிரப்பிய டிரம்கள்

31.3.1992, செவ்வாய்

இன்று கம்பெனியில் சரக்கு கணக்கெடுப்பு. எண்ணெய் இருப்பதாகக் காட்ட, பன்னிரண்டு காலி டிரம்களில் தண்ணீர் நிரப்பச் சொன்னார் முதலாளி. விடியற்காலையில் நான்தான் நிரப்பினேன். எங்கள் தெருவில் குடிக்கவே தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கிறோம், அது வேறு கதை.

ஆடிட்டர் அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். காலி டிரம் சத்தம் வரவில்லை.

"எல்லாம் எண்ணெய்தானே அண்ணா? ஒண்ணைத் திறந்து பாக்கட்டுமா?"

"இன்னாத்துக்கும்மா? பொடவையெல்லாம் கறை ஆயிடும்."

சிரித்தார். "நீங்க சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பொய் சொன்னது நான். நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லப்போவது அவர். அவருடைய ஆபீஸ் தாம்பரத்தில்தான். காலையில் போய், "மூடியத் தொறந்து பாருங்கம்மா" என்று சொன்னால் என் வேலை போய்விடும்.

தாம்பரம் போகப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையை எடுத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.