கையில் விழாத தழும்பு

தூத்துக்குடி,
4-5-1947

கொழும்பில் கடை நடத்தும் அத்தான் அவர்களுக்கு, பகவதி வணக்கம் சொல்லி எழுதுவது.

எல்லாரும் சுகம் என்று தொடங்க மனசு வரவில்லை. நம் மகள் செல்லக்கனி பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரியம்மை போட்டு இருபத்தாறு நாள் கிடந்தாள். இடது கண் போய்விட்டது. முகமெல்லாம் குழி.

மாசி மாதம் அம்மை குத்துகிற தேவபிரசாதம் நம் தெருவுக்கு வந்தார். துறைமுகத்துப் பக்கம் இரண்டு பேருக்கு அம்மை கண்டிருந்ததாம். பொம்பளைப் பிள்ளை கையில் தழும்பு விழக்கூடாது, குத்தினால் அம்மன் கோபிப்பாள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நானும் பிள்ளைகள் இரண்டு பேரையும் அடுக்களைக்குள் வைத்துக்கொண்டு, திருச்செந்தூர் போயிருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. "உங்க பிள்ளைக்கு மட்டுமில்லம்மா, பக்கத்து வீட்டுக்கும் சேத்துத்தான் குத்துதோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை.

பங்குனி பிறந்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல். நாலாம் நாள் நெற்றியில் பொடிப்பொடியாய் எழும்பியது. வேர்க்குரு என்று நினைத்தேன். அன்று பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் சுக்குக் காப்பி போட்டு எடுத்துவந்தாள். பதினோரு வருஷம் கழித்துப் பெற்றாளே, அந்த ஆண்பிள்ளைக்கு அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவனை நம் பாயில் கிடத்திவிட்டு, செல்லக்கனிக்குத் தன் கையால் காப்பியை ஊட்டினாள். அவள் அம்மை குத்திக்கொண்டவள், அவளுக்கு ஒன்றும் வரவில்லை. கைப்பிள்ளைக்கு அடுத்த மாதம் குத்தலாம் என்று தேவபிரசாதம் சொல்லியிருந்தாராம்.

அந்தப் பிள்ளை இல்லை, அத்தான். காய்ச்சல் கண்ட ஆறாம் நாள் போய்விட்டான்.

பதினாறு நாள் கழித்து இசக்கியம்மாள் கிணற்றடியில் என்னிடம் கேட்டாள். "ஏளா பகவதி, அன்னைக்குப் பிள்ளைகள உள்ள வச்சிக்கிட்டுத்தான் ஊருக்குப் போயிருக்குன்னு சொன்னியா?" ஆமாம் என்றேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். வாளியை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் அங்கே தண்ணீர் எடுப்பதில்லை. மூன்று தெரு தள்ளிப் போய் எடுக்கிறாள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மை குத்தாவிட்டால் கொழும்புக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்றதும் நீங்கள் சட்டையைக் கழற்றிக் கையை நீட்டினீர்கள். அன்றைக்கு அம்மன் கோபிக்கவில்லையா? உங்களை மட்டும் சொல்லவில்லை. எழுதியது நீங்கள், பொய் சொன்னது என் வாய்.

சின்னவன் பேச்சிமுத்துவைக் கூட்டிப்போய் அம்மை குத்திவிட்டேன். உங்களிடம் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். மறுநாள் தேவபிரசாதத்தோடு பின்தெருவுக்கு நானும் போனேன். பதினோரு வீட்டு வாசலில் நின்று, நான் செய்ததை என் வாயாலேயே சொன்னேன். மூன்று வீட்டில்தான் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். ஒருத்தி, "ஒன் பாவத்த ஏன் இங்கன கொண்டாந்து எறக்குத?" என்றாள். நாளைக்கும் போவேன்.

வைகாசியில் வருவதாக எழுதியிருந்தீர்கள். வந்ததும் இசக்கியம்மாள் வீட்டுக்குப் போங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் போங்கள்.

செல்லக்கனி கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். நேற்றுத் தலை சீவிவிடும்போது, "அப்பாவுக்கு என்னைய அடையாளம் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். பார்த்ததும் தூக்கிக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவள் கப்பலடிக்கு வருவாள். உங்கள் கால் ஒரு நொடிகூடத் தயங்க வேண்டாம். அந்தத் தெம்பைச் செந்தூர் முருகன் உங்களுக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
பகவதி