வள்ளம் இறக்காத மூன்று மாதங்கள்

சென்னை
14.2.1994

அன்புள்ள அப்பாவுக்கு ஜாய்சி எழுதுவது. மாதா துணையால் நான் சுகம். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. பயப்பட வேண்டாம். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் நீங்கள் துடுப்புப் போட்டு வள்ளம் வலிக்க, என் ஆய்வுக்காக ஒன்பது மாதம் தண்ணீர் எடுத்தேன் அல்லவா? என் பேராசிரியர் வெளியிட்ட கட்டுரையில் பன்னிரண்டு மாத அளவுகள் இருக்கின்றன. அடைமழையில் நாம் போகாத மூன்று மாதங்களுக்கும் அவரே எண்களைப் போட்டுவிட்டார். கூடவே என் பெயரையும்.

"உன் நோட்டுலயும் எழுதிடும்மா. யாரு பார்த்தாங்க?" என்றார்.

"எங்கப்பா பாத்தாங்க, சார். மூணு மாசமும் வள்ளம் கரையிலதான் கெடந்துச்சு" என்றேன்.

விஷயம் மேலே போய், பல்கலைக்கழகத்தில் ஒரு விசாரணைக் குழு வைத்தார்கள். அவர்களிடமும் அதையே சொன்னேன். பட்டம் தள்ளிப்போகும் என்று ஒருவர் மிரட்டினார். போகட்டும். கட்டுரையிலிருந்து என் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஆய்வுக்கூடத்தில் யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். அந்த மாதங்களில் வள்ளம் இறக்கவில்லை என்று உங்கள் கைப்பட எழுதி அதோடு வையுங்கள். குழுவிடம் கொடுக்க வேண்டும். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும், வேறு யாரையும் எழுதச் சொல்லாதீர்கள்.

எதிரே தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், இத்தோடு முடிக்கிறேன்.

மகள்
ஜாய்சி