பில்லில் என் நம்பர்

12.3.2016
கையால் எழுதிய பில் இனி செல்லாதாம். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் தண்ணீர் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் காண்ட்ராக்ட் ஆபீஸில், புஷ்பவல்லி அக்கா எங்கள் பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “கம்ப்யூட்டர்ல அழகா அடிச்சுக் கொண்டாங்க தம்பி. மேனேஜர் பாத்தா வருஷ வேலையே உங்களுக்குத் தருவாரு” என்றாராம் அண்ணனிடம்.

மந்தாரக்குப்பத்தில் எங்கள் மோட்டார் கடையின் முன்னால் நின்று பேசுவது அண்ணன் தமிழ்மாறன். வீட்டுப் பின்கட்டில் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது நான். எக்செல் தெரிந்ததும் நான்தான். ஆகவே பில்லும் என் தலையில்.

15.3.2016
முடித்துவிட்டேன். கட்டக் கோடுகளை மறைத்தேன். ஒரே எழுத்து வகை, தலைப்புக்கு மட்டும் கருநீலம். முதல் பிரிண்டில் தொகை மட்டும் தனியாக இரண்டாம் தாளுக்கு ஓடிவிட்டது. பிடித்து இழுத்து ஒரே பக்கத்தில் அடக்கினேன். ஜெராக்ஸ் கடையில் தாளைக் கையில் வாங்கும்போது அவ்வளவு பெருமை.

அண்ணன் பார்த்தான். “என்னாடி, வெள்ளையா வெறிச்சுனு கெடக்குது? மேல உ எங்க? முருகன் எங்க? சுத்தி மயில் பார்டர் போடு. கீழ சிவப்புல ‘மீண்டும் வருக’ன்னு போடு.”

மீண்டும் வருக! மோட்டார் மீண்டும் எரிந்தால்தானே வருவார்கள்? சொன்னால் முறைக்கிறான். உ மட்டும் சின்னதாகப் போட்டேன். மயில் கியில் எல்லாம் முடியாது.

16.3.2016
பெரிய சண்டை. ‘வேலை விவரங்களுக்கு’ என்று என் பெயரையும் நம்பரையும் கீழே போட்டிருந்தேன்.

“பொம்பளப் புள்ள நம்பர ஊருக்கெல்லாம் குடுத்துக்கினு இருப்பியா? கண்டவன் போன் பண்ணுவான். எடு அத!”

சரி, பெயராவது இருக்கட்டும் என்றேன். அதுவும் கூடாதாம். கடைப் பெயர் ‘மாறன் அன்ட் பிரதர்ஸ்’. யார் அந்த பிரதர்ஸ்? இந்த வீட்டில் ஆண்பிள்ளை இவன் ஒருத்தன்தானே!

அம்மா வேறு: “நாளைக்கு வேற வூட்டுக்குப் போறவ. உனுக்கு எதுக்குடி அதுல பேரு?”

இன்னிக்கு கம்பி சுத்துறது யாரு? விரல் வெடிச்சுக் கெடக்குதே, அது யாரு விரல்? எரியுது எனக்கு.

17.3.2016
எடுத்துவிட்டேன். என் மேலேயே கோபம்.

2.4.2016
வருஷ வேலை கிடைத்துவிட்டது. பில்லைப் பார்த்து மேனேஜர் அசந்துபோனாராம். அண்ணன் மைசூர்பாகு வாங்கி வந்து ஊட்டப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை நான்.

9.4.2016
பில்லோடு ஜெராக்ஸ் கடையில் விட்டிருந்த பென்டிரைவைத் திரும்ப வாங்கப் போனேன். எங்கள் பில் பிரிண்ட் ஆகிக்கொண்டிருந்தது. கீழே, நான் காலி செய்த அதே இடத்தில், வளவன் பெயர். வளவன் நம்பர்!

வளவன், அண்ணனுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் தம்பி. ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவன்.

“மச்சான்டி. ஒரு மரியாதைக்குப் போட்டேன்” என்றான் அண்ணன்.

மரியாதை! நான் அளந்து அளந்து வைத்த கட்டத்தில் அவனுக்கு மரியாதை. இனி உன் கடைக்கு ஒரு காயில்கூடக் கட்டமாட்டேன் என்றேன். சிரித்தான்.

10.4.2016
சிரிக்கட்டும்.

3.5.2016
அண்ணன் வெளியே கொடுத்துக் கட்டிய மோட்டார்கள் வரிசையாக எரிகின்றன. புஷ்பவல்லி அக்கா வளவனுக்குப் போன் போட்டாராம். “கரண்ட் ஒழுங்கா வந்தா ஓடும்க்கா” என்றானாம் அவன்.

இன்று கடைத்தெருவில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். “முன்ன காயில் கட்டுனது நீதானாமே? அத ஏன் பில்லுல போடல?”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீட்டு மானம் போனால் போகட்டும்.

14.5.2016
காயில் கட்டியவரின் பில்லையும் சேர்த்துக் கொடுத்தால்தான் இனி மோட்டாரை வாங்குவோம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். அண்ணன் எரிந்த மோட்டாரோடு பின்கட்டுக்கு வந்தான். கூலியைப் பேசிக்கொண்டு கட்டினேன். வார்னிஷ் காய்ந்ததும் பில்லை நீட்டினேன். பெறுநர்: மாறன் அன்ட் பிரதர்ஸ். வேலை செய்தவர்: இசைப்பிரியா. அடியில் என் நம்பர்.

படித்தான். முகம் சுண்டிவிட்டது. “இத எடுத்துட்டு வளவன் பேர அடிச்சுக் குடு. ஆபீஸ்ல காட்டணும்.”

“எடுக்கமாட்டேன். வேணாம்னா மோட்டார இங்கியே வச்சிட்டுப் போ.”

அம்மாவைப் பார்த்தான். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

பில்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மோட்டாரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.