அவர் பக்கத்தில் பாதி இடம்

வெள்ளிக்கிழமை, இரவு

செங்கம் ரோட்டு அச்சகத்துக்கு பக்கம் அமைத்து முடித்துத் தர வேண்டிய புத்தகத்தைக் காலையில் லேப்டாப்பில் சேமிக்கப் போனேன். 'இடம் இல்லை' என்றது. அதன் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து இரண்டு இயங்குதளம் போட்டிருக்கிறோம்: லினக்ஸ் பக்கம் என்னுடையது, விண்டோஸ் பக்கம் என் வீட்டுக்காரருடையது. அவர் துபாய் போன மூன்று வருடமாக அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. டிஸ்க்கில் முக்கால்வாசி அதற்குத்தான்.

போன் செய்தேன். "ஏங்க, உங்க பக்கத்துலேர்ந்து கொஞ்சம் இடம் எடுத்துக்கட்டுமா?"

"கொஞ்சம் எதுக்கு? மொத்தமா அழிச்சிட்டு நீயே வெச்சுக்கோ. எனக்கு இனிமே எதுக்கு?"

அந்த 'இனிமே' மனதில் தங்கிவிட்டது.

அவருடைய படங்களை முதலில் பென் டிரைவில் நகலெடுத்தேன். பிறகு அவர் பகுதியைச் சுருக்கி, பாதியை மட்டும் என் பகுதியோடு சேர்க்கும்படி லேப்டாப்புக்குக் கட்டளை கொடுத்தேன். நடுவில் கரண்ட் போனால் இரண்டுமே கெட்டுவிடும், பேட்டரி பழசு. திரையில் நீலக் கோடு மெல்ல ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. கோடு நகர்கிறதா, மேகம் நகர்கிறதா என்று புரியாமல் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் பிற்பகலில்தான் முடிந்தது. இரண்டு பக்கமும் நல்லபடியாகத் திறந்தன.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "அழிச்சிட்டியா?"

"இல்லீங்க. பாதி உங்களுக்கு அப்படியே இருக்கு."

"சரி, இருக்கட்டும்" என்றார். அடுத்து, 'நான் வந்தா வேணும்' என்றாரா, 'வந்ததும் வேணும்' என்றாரா, லைன் சரியில்லை. திருப்பிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

வந்ததும் என்றே இங்கே எழுதி வைக்கிறேன்.